மூன்றாவது மாடியிலிருந்து

யாரும் பொத்தானை அழுத்தவில்லை. ஆனாலும் சுவரில் இருந்த இன்டர்காம் ஒருமுறை கரகரத்துவிட்டு, "யாரு?" என்று கேட்டது.

வழிகாட்டி அப்போது தெருமுனையில் தலைகீழாகப் புதைத்து வைத்திருந்த பழைய பீரங்கியைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். அந்தக் காலத்துக் குதிரை வண்டிகள் திரும்பும்போது வீட்டுச் சுவரைப் பெயர்த்துவிடக் கூடாது என்பதற்காக நட்டது. பதினாலு பேரும் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தார்கள். கஸ்பார் மட்டும் கூட்டத்தின் கடைசியில், ஒரு வீட்டு வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றான். வேண்டுமென்றே அப்படி நின்றான். அந்தக் கதவை அவன் பார்க்க விரும்பவில்லை. கேள்வி அவன் வலது காதுக்கு ஒரு சாண் தள்ளி வந்தது.

"நான்தான்" என்றான்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது தெரிந்தது. ஸ்பெயினின் தென்கோடியில், இந்தக் காடிஸில் வளர்ந்த எவனும் அதைத்தான் சொல்வான். கீழே நின்று பெயர் சொல்பவன் தபால்காரன் ஒருவன்தான். மகன், மருமகள், காஸ் உருளை கொண்டுவருபவன், வாசலை மறந்து வந்த குடிகாரன் எல்லோரும் 'நான்தான்'. மேலே இருப்பவர் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்துவிடுவார்.

பூட்டு வண்டு மாதிரி ரீங்கரித்தது. மரக்கதவு இரண்டு விரற்கடை உள்ளே விலகியது. ஈரச் சுண்ணாம்பின் வாசனை, நெடுநாள் மூடிக்கிடந்த படிக்கட்டின் வாசனை, அதற்கும் அடியில் இனிப்பாக ஏதோ ஒன்று வெளியே வந்து அவன் பிடரியைத் தொட்டது.

அவன் திரும்பினான். இன்டர்காம் பலகையில் பொத்தான்கள் இல்லை. மூன்று ஓட்டைகள், அவற்றிலிருந்து துருவேறித் தொங்கும் கம்பிகள். அவ்வளவுதான். கதவு இடுக்கில் இருட்டு. இருட்டுக்குள், மிக உயரத்தில், கனமான மூட்டை ஒன்றைப் படியில் இறக்கி வைத்தது போன்ற சத்தம்.

தொப்.

பிறகு மூச்சு வாங்கும் அளவுக்கு ஒரு இடைவெளி. பிறகு இன்னொரு படி.

தொப்.

"யார்கிட்ட பேசின?" என்று கேட்டாள் நியேவெஸ். அவன் மனைவி. கையில் ஊர் வரைபடம்.

"யார்கிட்டயும் இல்ல."

"பேசினியே."

"பாட்டு முணுமுணுத்தேன்."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். அவன் பாட்டு முணுமுணுத்து ஏழு வருட மணவாழ்வில் அவள் கேட்டதில்லை. அவளுடைய அண்ணன் எலாதியோ அதற்குள் அவன் தோளில் ஓர் அடி போட்டான்.

"மாப்ளே, பொறந்த ஊருக்கு வந்திருக்க. எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரியே மூஞ்சிய வச்சிருக்க. சிரிடா கொஞ்சம். எங்கம்மா பயப்படுறாங்க."

"நான் ஏன் பயப்படுறேன்? அவன் மூஞ்சி எப்பவும் அப்படித்தான்" என்றாள் மாமியார் ஃபெலிசா, விசிறியை வீசியபடி.

எல்லோரும் சிரித்தார்கள். கஸ்பாரும் சிரித்தான். கூட்டம் நகர்ந்தது. அவன் முதல் ஆளாக நடந்தான்.

அவர்கள் வடக்கே புர்கோஸிலிருந்து இரண்டு நாள் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். ஃபெலிசாவுக்கு எழுபது முடிந்தது. தெற்குக் கடலைப் பார்த்ததில்லை என்றாள். எலாதியோ உடனே ரயிலுக்கும் விடுதிக்கும் பதிவு செய்துவிட்டான். வேண்டாம் என்று சொல்ல கஸ்பாரிடம் காரணம் இல்லை. சொல்லக்கூடிய காரணம் இல்லை. அடையாள அட்டையில் காடிஸ் என்று இருக்கிறது. அதை மறைக்க முடியாமல், மூன்று வயதிலேயே வெளியேறிவிட்டோம், ஒருவரும் மிச்சமில்லை, ஒன்றும் ஞாபகமில்லை என்று சொல்லி வைத்திருந்தான். தெற்கத்திப் பேச்சை நாக்கிலிருந்து சுரண்டி எடுத்து, வடக்கத்தியான் போலவே பேசப் பழகியிருந்தான். பார்த்துப் பார்த்துக் கட்டிய பொய். ஏழு வருடம் ஒழுகவில்லை.

முப்பத்தேழு வயது வரை அவன் பீரங்கி முனையில் இருந்த அந்த வீட்டின் மூன்றாவது மாடியில் இருந்தான். அண்ணன் தாமியானோடு.

தாமியான் கப்பல் கட்டும் இடத்தில் சாரத்திலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உயிர் இல்லை. மாடிக்கு லிஃப்ட் இல்லை. ஐம்பத்துநான்கு படி. அம்மா செத்த பிறகு ஆறு வருடம் கஸ்பார்தான் கழுவிவிட்டான், ஊட்டினான், புரட்டிப் போட்டான். கடல் நாலு தெரு தள்ளி. ஜன்னலைத் திறந்தால் உப்பு வாசனை வரும், பார்க்க முடியாது. தாமியான் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு தடவை காட்டு. ஆறு வருடத்தில் இரண்டு தடவை கஸ்பார் அவனை முதுகில் சுமந்து இறக்கினான். அதன் பிறகு எப்போது கேட்டாலும் 'நாளைக்கு'.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட். லெவாந்தே காற்று மூன்றாவது நாளாக ஊரை அறைந்துகொண்டிருந்தது. அந்தக் கிழக்குக் காற்று அடித்தால் ஊர் முழுக்க ஜன்னலையும் வாயையும் மூடிக்கொள்ளும். தாமியான் குளிர்ந்த தண்ணீர் வேண்டும் என்றான். "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு கஸ்பார் இறங்கினான். கதவை வெளியே பூட்டினான். ஒருமுறை அண்ணன் ஊர்ந்து வந்து படியில் உருண்டதிலிருந்து அப்படித்தான் பழக்கம். வீட்டில் இருந்த ஒரே தொலைபேசி கஸ்பாரின் சட்டைப்பையில் இருந்தது. கடைக்குப் போய் ஐஸ் வாங்கினான். பை விரலைச் சுட்டது. பீரங்கி முனையில் நின்றான். எதையும் முடிவு செய்யவில்லை. கால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான். பேருந்து நிலையத்துக்கு நடந்தான். நாளைக்கு வந்துவிடலாம் என்றுதான் ஏறினான். ஐஸ் வழியில் கரைந்தது.

நாளை வந்தது. மறுநாளும் வந்தது. ஒவ்வொரு நாளும் திரும்பிப் போவது முந்தைய நாளைவிடக் கேவலமாக இருந்தது, அதனால் போகவில்லை. ஒன்பதாவது நாள், அண்ணனின் உடலைக் கண்டெடுத்த போலீஸ் கூப்பிட்டது.

வேலை தேடி வடக்கே வந்தேன், இரண்டாவது மாடி பஸ்தோராவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றான். பஸ்தோராவுக்கு அப்போதே அறுபத்தெட்டு. அவன் போன மறுநாளிலிருந்து மகள் வீட்டில் இருந்தாள். விசாரணையில் அந்த அம்மாள் அழுதாள். "சொல்லியிருப்பான். எனக்குத்தான் மறதி." அதோடு முடிந்தது.

பிறகு தெருவில் பேசிக்கொண்டதையும் அவன் கேட்டான். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டு இன்டர்காம் போகிறவர் வருகிறவரையெல்லாம் 'யாரு? யாரு?' என்று கேட்டதாம்; அதற்குமேல் வெறும் கரகரப்புதானாம். யாரோ விஷமம் செய்கிறார்கள் என்று நினைத்தார்களாம். ஒருவர் வேடிக்கைக்காக 'நான்தான்' என்றாராம். கதவு திறந்ததாம். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டாராம்.

இப்போது குறுகலான தெருக்களில் லெவாந்தே அடித்தது. தகரப் பலகைகள் படபடத்தன. மேலே மொட்டை மாடிகளில் துவைத்த துணிகள் சாட்டை மாதிரிச் சொடுக்கின. மணல் பல்லில் நறநறத்தது. இத்தனை சத்தத்துக்கும் நடுவே, சுவர்களுக்குள்ளிருந்து வருவதைப்போல, ஒழுங்காக, அவசரமில்லாமல் அது கேட்டது. தொப். இடைவெளி. தொப். உட்கார்ந்த நிலையில், கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கும் ஒருவன். கஸ்பார் எண்ண விரும்பவில்லை. முப்பத்தெட்டு.

பேராலயத்தில் அண்ணாந்து பார்த்தான். நாற்பத்தைந்து. சந்தையில் ஃபெலிசா சூரை மீன் தலையைப் பார்த்து, "ஏசுவே, கன்னுக்குட்டி அளவு இருக்கே" என்று வாய் பிளந்தாள். ஐம்பத்து ஒன்று.

ஊரின் பழைய கண்காணிப்புக் கோபுரத்தின் இருட்டறைக்குள் நுழைந்தபோது சத்தம் நின்றிருந்தது.

அந்த ஊரில் வந்தவர்கள் எல்லோரும் பார்க்கும் அறை அது. கதவை மூடினால் கும்மிருட்டு. நடுவில் பெரிய வெள்ளைத் தாம்பாளம் போன்ற மேசை. கூரையில் ஒரு கண்ணாடி. அதன் வழியே வெளியில் அந்த நொடியில் நடப்பதெல்லாம் மேசைமேல் வந்து விழும். நிறத்தோடு, அசைவோடு, சத்தமில்லாமல். இருபது பேர் வட்டமாக நின்றார்கள். பொறுப்பாளப் பெண் ஒரு கோலைத் திருப்பத் திருப்ப, காடிஸ் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் சுழன்றது. வெள்ளை மாடிகள். மினுங்கும் கடல். காற்றில் உப்பிய படுக்கை விரிப்புகள். அவள் ஒரு காகிதத்தை மேசைமேல் சரித்துப் பிடித்தாள். தெருவில் நடந்துபோன ஒருவர் காகிதத்தில் ஏறி, மறுமுனையில் இறங்கிப் போனார். கூட்டம் சிரித்தது.

"பாவம்யா, அவருக்கே தெரியாம தூக்கிட்டாங்க" என்றான் எலாதியோ.

கோல் மறுபடி திரும்பியது. ஒரு குறுகிய தெரு வந்தது. முனையில் பீரங்கி, குண்டூசி அளவில். பாதி திறந்த ஒரு கதவு.

வாசற்படியில் ஏதோ இருந்தது.

கஸ்பார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். முதலில் அதை நாய் என்று நினைத்தான். பிறகு இரண்டு கைகள் முன்னால் நீண்டு வெயிலில் ஊன்றுவதையும், பின்னால் மிச்சம் இழுபட்டு வருவதையும் பார்த்தான். கை. உடல். கை. உடல். யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரு மாடியில் எழும்பிய புறாக்களைப் பார்த்து ஆகா என்றார்கள்.

பொறுப்பாளப் பெண்ணின் காகிதம் மறுபடி இறங்கியது. அந்தத் தெருவில். அதன்மேல்.

மற்றவர்கள் ஏறி இறங்கிப் போனார்கள். இது போகவில்லை. காகிதத்தின் நடுவில் நின்றது. பிறகு மெதுவாகக் கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தது. கூரையை அல்ல, கண்ணாடியை அல்ல. காகிதத்திலிருந்து நேராக அவனை. நகத்தளவு முகம். அதில் வாய் திறந்து மூடியது. சத்தமில்லை. தேவைப்படவும் இல்லை.

"கஸ்பார்." நியேவெஸின் கை இருட்டில் அவன் கையைத் தேடிப் பிடித்தது. "உனக்கு இப்படி வேர்க்குது. என்ன ஆச்சு?"

"இருட்டு ஒத்துக்கல."

"நேத்து ரயில்ல ஏறினதிலிருந்து நீ நீயா இல்ல. எதுவா இருந்தாலும் சொல்லு. நான் என்ன உன்னைத் தின்னுடவா போறேன்?"

அப்போது சொல்லியிருக்கலாம். முகம் தெரியாத இருட்டு. எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். ஐந்து சொற்கள்கூட இல்லை. வாய்வரை வந்தது. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு அவள் கை தன் கையை விடும் விதம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது. விரல் விரலாக. அதை நினைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"ஒன்னுமில்ல" என்றான். "பசி."

வின்யா பேட்டையில் தெருவிலேயே மேசை போட்டிருந்தார்கள். காற்றுக்குப் பயந்து காகித விரிப்பைக் கவ்வி போட்டு இறுக்கியிருந்தார்கள்; அதன் ஓரம் முழங்கால் வரை தொங்கிப் படபடத்தது. பொடி இறால் அடை வந்தது. வினிகரில் ஊறிப் பொரிந்த சுறாத் துண்டுகள் வந்தன. ஒரு கூடை ரொட்டி, ஒரு ஜாடித் தண்ணீர். பக்கத்து மேசைகளில் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் கத்திக் கத்திக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். எண்ணெய் வாசனை. உச்சி வெயில். நிழலே இல்லாத சுவர்கள். பயப்படுவதற்கான இடமே அல்ல அது.

ஆனால் அவன் காது தரையில் இருந்தது.

சப். உள்ளங்கை கல்லில் விழும் சத்தம். சர்ர். துணி இழுபடும் சத்தம். சப். சர்ர். தெருவின் மேல்முனையிலிருந்து. மேசைக் கால்களுக்கிடையே.

"சாப்பிடு மாப்ளே. மீன் உன்னைப் பார்த்து முறைக்குது."

"சாப்பிடறேன் மச்சான்."

அப்போது ஒரு கிழவி அவர்கள் மேசையருகே வந்து நின்றாள். கைத்தடி. கறுப்புக் கண்ணாடி. அதைக் கழற்றிவிட்டு அவனையே உற்றுப் பார்த்தாள். அவள் பேசுவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பஸ்தோரா.

"கஸ்பார் தானே? தாமியானோட தம்பி?" அவள் இன்னும் ஓர் அடி நெருங்கினாள். "கண்ணு, சாப்பிடற நேரத்துல வந்துட்டேன், கோவிச்சுக்காத. உன்னை ஒரு தடவை பார்த்துட்டா போதும்னு ஒன்பது வருஷமா மாதாகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்."

எலாதியோவின் முள்கரண்டி பாதியில் நின்றது.

"நீ என்கிட்ட சொல்லிட்டுத்தான் போன. நான்தான் மறந்துட்டேன். நீ எங்க நின்னு சொன்ன, படியிலயா, வாசல்லயான்னு தினம் ராத்திரி யோசிச்சுப் பார்க்கிறேன். வர மாட்டேங்குது. என்னைப் படைச்சவன் எனக்கு இந்தப் பாழாப்போன தலையைக் கொடுத்துட்டான். அந்தப் பிள்ளை தண்ணி இல்லாம... குழாய் அவன் கைக்கு எட்டாது, உனக்குத்தான் தெரியுமே..." அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுப்பா. நான் போயிடறேன்."

நான்கு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

அவள் வயதைப் பார்த்தான். கையில் இருந்த தடியைப் பார்த்தான். ஒரு வாக்கியம் போதும். அவள் ஒன்பது வருடச் சுமை அங்கேயே விழுந்துவிடும். அவனுக்கு அது தெளிவாகவே தெரிந்தது. தெரியவில்லை என்று பிறகு சொல்லிக்கொள்ள வழியே இல்லாத அளவுக்குத் தெளிவாக.

"நீங்க ஆள் மாத்திப் பேசறீங்கம்மா" என்றான், சுத்தமான வடக்கத்திப் பேச்சில். "எனக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாது."

பஸ்தோரா அவனை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். "மன்னிச்சுக்கங்கம்மா. தலை சரியில்ல எனக்கு" என்று நியேவெஸிடம் சொன்னாள். தடியை ஊன்றி ஊன்றிப் போனாள். முதுகு குலுங்கியது.

ஃபெலிசா விசிறியை மடக்கி வைத்தாள்.

சப்.

மேசைக்கு அடியில்.

சர்ர்.

அவன் கணுக்காலை ஒரு கை பிடித்தது. குளிரவில்லை. காய்ந்திருந்தது. வெயிலில் கிடந்த விறகு மாதிரி. விரல்கள் ஒவ்வொன்றாக மூடி, எலும்போடு இறுகின. எழ முயன்றான். கால் வரவில்லை. கத்த முயன்றான். கத்தினால் ஏன் என்று கேட்பார்கள்.

கத்தவில்லை.

காற்று ஒரு வீச்சு வீசியது. நியேவெஸின் முள்கரண்டி தரையில் விழுந்தது.

"விடு" என்றான் கஸ்பார். "வேற கேட்கலாம். குனியாத."

அவள் குனிந்தாள்.

வெகுநேரம் எழவில்லை. காகித விரிப்புக்குக் கீழே யாரோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. தெற்கத்திப் பேச்சு. நிறுத்தி நிறுத்தி. நாக்கு ஒட்டிக்கொள்ளும் வாயிலிருந்து. என்ன சொல்கிறது என்று புரியவில்லை. எவ்வளவு நேரம் சொல்கிறது என்பது மட்டும் புரிந்தது. எல்லாவற்றையும் சொல்ல ஆகும் நேரம்.

நியேவெஸ் நிமிர்ந்தாள். முகத்தில் ரத்தமில்லை. அவன் பக்கம் திரும்பவில்லை. கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தாள். விரிப்பை விலக்கி, கையைக் கீழே நீட்டினாள்.

கை வெறுமையாக மேலே வந்தது.

"நியேவெஸ்" என்றான்.

அவள் இன்னொரு ரொட்டியை எடுத்தாள். "மெதுவா" என்றாள் கீழே பார்த்து. அவனிடம் ஒருநாளும் பேசியிராத குரல். "மெதுவா சாப்பிடுங்க. விக்கும்."

ஃபெலிசா மகளைப் பார்த்தாள். விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பிறகு தன் கோப்பையில் தண்ணீரை நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்து, கீழே இறக்கினாள். விழுங்கும் சத்தம். நிற்காமல். எலாதியோ வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுத் தன் தட்டை முழுசாக மேசைக்கடியில் கொண்டுபோனான். அவனும் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை. அந்த நாற்காலியில் ஆளே இல்லாததுபோல.

பரிமாறுபவன் வந்தான். "வேற என்ன கொண்டுவரட்டும்?"

"தண்ணி" என்றான் எலாதியோ. "ரொட்டி இருக்கிறதெல்லாம்."

மேசையின் மறுவிளிம்பில் நான்கு விரல்கள் தோன்றின. சாம்பல் நிறம். காலிக் கோப்பையை விரிப்பின்மேல் வைத்தன. பிறகு விளிம்பை இறுகப் பற்றி, உடலை மேலே இழுக்கத் தொடங்கின.

நியேவெஸ் தன் நாற்காலியை நகர்த்தி, பக்கத்தில் இடம் விட்டாள்.